தோலை முகர்ந்து பார்த்த ஸ்பெயின்காரர்

எண்பதுகளின் கடைசியில், குரோம்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் குமாஸ்தா. தோல் வாங்க ஸ்பெயினிலிருந்து ஒருவர் வந்தார். குட்டையான மனிதர், எங்கள் ஊர் வெயிலில் காது மடல்வரை சிவந்திருந்தார். எந்தத் தோலைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, பிறந்த குழந்தையின் தலையை முகர்வதுபோல் முகர்ந்து பார்ப்பார்.

தபாலில் ஸ்பானிஷ் படித்த பெருமையில், மொழிபெயர்க்க நானே முன்வந்தேன். நாம் 'க்கு', 'க்காக' என்று வார்த்தையின் வாலில் ஒட்டிவிடுவதை அவர்கள் 'போர்', 'பாரா' என்று தனிச் சொல்லாக முன்னால் வைப்பார்கள். எங்கே எது வரும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம், வீட்டில் இருக்கும்வரை.

அவர் ஒரு விலை சொன்னார்.

"இந்த வெலைக்குக் கட்டுப்படி ஆவாதுன்னு சொல்லுங்க சார்" என்றார் முதலாளி.

'இந்த விலைக்கு.' போரா, பாராவா? முகத்தை இறுக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்து யோசித்தேன். ஸ்பெயின்காரர் என்னையே பார்த்தார். பிறகு விலையைக் கொஞ்சம் ஏற்றினார். அப்போதும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இன்னும் ஏற்றினார்.

முதலாளி மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினார். "வாயத் தொறக்காதீங்க சார். அப்டியே உக்காந்துகினு இருங்க!"

கிளம்பும்போது ஸ்பெயின்காரர் என் கையைக் குலுக்கி, "உன்னைப் போல அழுத்தக்காரனை நான் பார்த்ததே இல்லை" என்று ஸ்பானிஷில் சொல்லிக் கண்ணடித்தார். ஏமாந்தாரா, என் திண்டாட்டம் புரிந்து விட்டுக்கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாராட்டுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். 'பாராட்டுக்கு.' போரா, பாராவா?

நான் முடிவு செய்வதற்குள் அவர் கார் பல்லாவரம் தாண்டியிருந்தது.