நாலாவது கூறு

இன்று காலை திருச்சுழிப் பக்கம் ஒரு குலசாமி கோயில்...

நிலம் வாங்கப் போன நான் கறிக் கூறுகளை எண்ணிக்கொண்டு நின்றேன் மக்களே!

என் வேலைதான் தெரியுமே. பட்டா இன்னும் இறந்தவர் பெயரிலேயே கிடக்கும் புஞ்சைக் காடுகளைத் தேடுவேன். வில்லங்கம் போட்டுப் பார்த்து, வாரிசுகளைக் கண்டுபிடித்து, பேசி வாங்குவேன். (ஜவுளிப் பூங்கா வரப்போகும் குமாரலிங்கபுரம் பக்கம் விலை எனக்கு எட்டாது. அதனால் திருச்சுழி!)

அப்படி ஒரு கரிசல் துண்டு சிக்கியது. பட்டாக்காரரும் உயிரோடு இல்லை, அவர் மனைவியும் இல்லை.

புரோக்கர் அண்ணன் அடித்துச் சொன்னார்: "வாரிசு மூணு பயலுகதாம்மா. மூணு கையெழுத்து, சோலி முடிஞ்சது!"

ஒருவர் திருப்பூர், ஒருவர் மதுரை, ஒருவர் உள்ளூர். மூவரையும் எங்கே ஒன்றாகப் பிடிப்பது?

அதற்கும் புரோக்கர் அண்ணனே வழி சொன்னார்: "சிவராத்திரிக்கு மறுநா வா. சாமி கும்புட வந்துதான ஆகணும்!"

வந்திருந்தார்கள். கிடா வெட்டி, கறியைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆள் மூன்று. இலையில் நாலு கூறு!

"நாலாவது யாருக்குண்ணே?" என்றேன்.

"எங்க அக்காவுக்கும்மா," என்றார் மூத்தவர். "அவுக புருசன் வீட்டுச் சாமிக்குப் போயிருக்காக, காரியாபட்டி பக்கம். சாயந்தரம் கொண்டுபோய்க் குடுத்துருவோம்."

அக்காவா!

புரோக்கர் அண்ணன் வேப்பமரத்தை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

(நானும் நேற்று புருசன் வீட்டுச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தவள்தான். எனக்கே மகள் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்!)

சட்டப்படி மகளுக்கும் சம பங்கு. மூன்று கையெழுத்தோடு வாங்கியிருந்தால், நகையை அடகு வைத்த காசையும் கொடுத்துவிட்டு கோர்ட் வாசலில் நின்றிருப்பேன்.

புரோக்கர் அண்ணன் விடவில்லை. "கட்டிக்குடுத்த பிள்ளைக்குப் பங்காளி கறியில ஏதுப்பா பங்கு?"

மூத்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"படுக்கையில கெடந்த எங்க அய்யாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது அவுகதான். கறியில உண்டுன்னா காட்டுலயும் உண்டு. அக்கா சொல்லாம நாங்க யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்."

தம்பிகள் இருவரும் தலையாட்டினார்கள். இப்படியும் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள்!

நாளை அந்த அக்காவைப் பார்க்கப் போகிறேன். நிலம் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம்.

வரும்போது பஸ்ஸிலிருந்தே என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே தம்பி, நம்ம வீட்டுல எனக்குப் பங்கு உண்டுல்ல?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்ட! கறி எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்க!"

"கறி இல்லடா. அப்பா காட்டுல."

"அலோ... அலோ... டவரு கெடைக்கலக்கா!"

கட்.

அந்த செல்போன் டவர் நிற்பதே எங்கள் அப்பா காட்டில்தான் மக்களே!