பதினெட்டு விநாடியும் பங்காளிகள் குரூப்பும்

தினமும் காலையில் கண் விழித்ததும் திட்டிக்கொண்டே அழிக்கிறீர்களே, அந்த வீடியோக்களைத் தயாரித்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. நீங்கள் என்னைத் தாராளமாகச் சபிக்கலாம். என் போனிலும் அதெல்லாம் வருகிறது, நானும் அழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆடித் தள்ளுபடியும் வேட்பாளரும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி, ரிக் வண்டிக்காரருக்கு போர்வெல்லில் தண்ணீர் பீறிடும் ரீல்ஸ் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் முதலாளி எனக்கு ஒரு வேட்பாளரை ஒதுக்கினார். வெண்ணந்தூர்ப் பக்கம், அதுவும் என் சொந்த ஊரிலேயே, ஒரு வார்டுக்கு நிற்கிற கோழிப்பண்ணைக்காரர். வார்டு என்றால் ஏழெட்டுத் தெரு. ஒரு டீ ஆறுவதற்குள் சுற்றி வந்துவிடலாம். அதற்கும் டிரோன் பறக்கவிட்டோம்.

அவருக்கு வீடு வீடாகப் போய்க் கும்பிடத்தான் ஆசை. நான் விடவில்லை. "நடந்து போனா நாளைக்கு நாப்பது வீடுங்க. போன்ல போனா ஒரே நிமிஷத்துல அத்தனை வீடும்" என்று விளக்கினேன். மனிதர் கேட்டார்:

"அப்புறம் நான் எதுக்குங்க தம்பி நிக்கோணும்? போனையே நிறுத்திப்போடுங்க."

மூன்றாவது ஆரத்தி

கடைசியில் நாலு வீட்டுக்காவது போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன், படம் வேண்டுமே. ஒரு வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு ஓர் அம்மா நின்றார். முதல் தடவை வேட்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது தடவை குறுக்கே ஒரு ஆடு. மூன்றாவது தடவை சுற்றச் சொன்னபோது அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணு படக்கூடாதுன்னுதானுங்க ஆரத்தி சுத்தறோம். அதைப் படம் புடிச்சு ஊருக்கே காட்டுறேங்கறீங்களே?"

வெட்டியது நான்தான்

தேர்தலில் எங்களை எதிர்த்து நின்றது வெளியார் இல்லை, சரோஜா அண்ணி. எங்கள் பெரியப்பா மகனின் மனைவி. வீட்டில் நாலு விசைத்தறி, கட்சி கிடையாது, சுயேச்சை. அவர் பேசிய தெருமுனைக் கூட்டத்தை நான் போனில் எடுத்தேன். அண்ணி மேடையில் சொன்னது இது: "போன தடவை ஜெயிச்சவரு என்ன சொன்னாருங்க? தறிச் சத்தம் புடிக்கலீன்னா ஊரை விட்டுப் போகட்டும்னாரு. அது தப்புங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல நானே என்ற தறியை நிறுத்திப்போடறேன்." நான் முன்னாலும் பின்னாலும் நறுக்கினேன். நடுவில் நின்றது தறிச் சத்தம் பிடிக்காதவர்கள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்பது மட்டும். அதையே மறுபடி மறுபடி ஓடவிட்டு, அடியில் டங்கென்று ஒரு இசை. பதினெட்டு விநாடி.

அதை எங்கே போட்டேன் என்பதுதான் இன்னும் கேவலம். எங்கள் குலதெய்வம் கோயிலுக்கு, ஊர் ஊராகச் சிதறியிருக்கும் பங்காளிகள் குரூப் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். யாராவது இறந்தால் அதில் செய்தி வரும், பொங்கல் வைக்கிற நாள் வரும், வேறொன்றும் வராது. காலை வணக்கம் போட்டாலே பூசாரி திட்டுவார். முதலாளி அந்தக் குரூப்பைத்தான் கேட்டார். நானும் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் ஒரு பங்காளி குரலில் பதில் அனுப்பினார்:

"நம்ம குரூப்புலயே வந்திருச்சுன்னா பொய்யா இருக்காதுங்க."

இருபது நிமிஷம்

குரூப்பிலிருந்து வீடியோ வார்டு முழுக்கப் பரவி, அண்ணி தோற்றார். தறி இல்லாத, விவசாயம் பார்க்கிற காட்டுக்கார வீடுகளில் அவரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஒருநாள் என்னைத் தேடி வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ, "எவனோ நறுக்கிவுட்டதை நீ தெரியாம போட்டுட்ட தம்பி. முழுசும் உன்ற கிட்ட இருக்குமில்ல? அதைப் போட்டுவுடு சாமி" என்றார். வெட்டியது நான்தான் அண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு வரை வரவில்லை.

முழுவதையும் போட்டேன். இருபது நிமிஷம். ஒருத்தரும் திறக்கவில்லை. லாரி ஓட்டும் பங்காளி ஒருவரிடம் நேரிலேயே கெஞ்சிப் பார்த்தேன்.

"பதினெட்டு விநாடிலயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்குங்க இருவது நிமிஷம்?"

எண்ணெய் சீயக்காய்

நான் திறந்த கதவு பிறகு மூடவே இல்லை. குரூப்பில் ஆளாளுக்கு வெட்டினதும் ஒட்டினதுமாகக் கொட்டினார்கள். உயிரோடு இருக்கிற ஒரு நடிகருக்கு இரண்டு முறை அஞ்சலி செலுத்தினார்கள். பாதிப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டார்கள், மீதிப் பேர் எதையும் நம்புவதில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் பெரியப்பா, அதாவது அண்ணியின் மாமனார், இறந்துபோனார். அண்ணன் அழுதுகொண்டிருந்ததால் அண்ணிதான் குரூப்பில் பேசி அனுப்பினார். ஆபீஸில் இருந்தபடி கேட்டேன். கீழே ஒருவர், "உறுதி செய்யவும்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணிக்கே போன் போட்டு, "நெசமாங்களா அண்ணி?" என்று கேட்டேன். இதைவிட வெட்கக்கேடு என் வாழ்க்கையில் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். எங்களில் பங்காளிகள் வந்து எண்ணெய் சீயக்காய் வைத்தால்தான் உடலைக் குளிப்பாட்ட முடியும். கிண்ணத்தில் எண்ணெய் நிரம்பி அப்படியே இருந்தது. பந்தலில் வந்திருந்த பங்காளிகள் என்னோடு சேர்த்து நாலு பேர். அண்ணி என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"நான் சொன்னா இப்பல்லாம் ஆரும் நம்பறதில்ல சாமி. நீ ஒருக்கா போன் பண்ணிச் சொல்லு, நீ சொன்னா நம்புவாங்க."

வாசலுக்குப் போய் ஒவ்வொரு பங்காளியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், ஒருவர்கூடத் திருப்பிக் கேட்காமல் அத்தனை பேரும் கிளம்பி வந்தார்கள், எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் நல்ல பெயர்.