குழாய்க்குள் போகச் சொன்ன வெள்ளைப் பூ

ஆறு வருடம் நான் கதவு சாத்திய எந்த இடத்திலும் இருந்ததில்லை. சொந்த வீட்டில்கூட இருந்ததில்லை.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய்க்கரையில் காளியம்மன் இருக்கிறாள். அவள் முன்னால் நான் செய்த ஒரு திருட்டு வேலையையும், அதற்கு அவள் செய்ததையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் தப்பு இருக்கும், பொய் இருக்காது.

ஆறு வருடத்துக்கு முன்னால் சித்திரை மாதம், மல்லாங்கிணறு பக்கம் ஒரு தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்தப் போயிருந்தேன். மதியச் சோற்றுக்கு மேலே ஏறப்போன நேரம் பக்கச் சுவர் சரிந்தது. தோள் வரைக்கும் மண். ஒரு பாறை வந்து முகத்துக்கு நேராகச் சாய்ந்து நின்றது. அந்தப் பொந்துக்குள் நான் விட்ட மூச்சு என்னிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. என்னை வெளியே எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. முறிந்த கால் இரண்டு மாதத்தில் சேர்ந்துவிட்டது. பயம் போகவில்லை.

அதற்குப் பிறகு கதவைச் சாத்தினால் நெஞ்சு அடைக்கும். பஸ்ஸில் படியில்தான் நிற்பேன், கண்டக்டர் எவ்வளவு திட்டினாலும் உள்ளே ஏற மாட்டேன். கருவேல விறகைச் சுட்டுக் கரிமூட்டம் போட்டேன். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரினேன். ராமநாதபுரம் பக்கம் ஆட்டுக்கிடைக்காரர்களோடு மாதக்கணக்கில் நடந்தேன். எல்லாமே கூரையில்லாத வேலை. கால் நிற்காதவன் என்று ஊரில் பேர் வந்தது. கால் நிற்காதது உண்மைதான். ஏன் நிற்கவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் மனைவி முத்துமாரிக்கு மட்டும் தெரியும். அருப்புக்கோட்டையில் தறிக்கூடத்துக்கு நூல் சுற்றப் போகிறவள். நான் ஊருக்கு வந்தால் வாசல் வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்வேன். அவள் அங்கேயே சோறு கொண்டுவந்து வைப்பாள். இந்த மாசியில் வந்தபோது தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"திரும்ப எங்கயும் போறதுன்னா போங்க. ஆனா இந்தத் தடவ போனா வர வேணாம். வாசல்ல சோறு வைக்கிறதுக்கு நான் என்ன நாய்க்கா வாக்கப்பட்டு வந்தேன்?"

தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம்தான் பாளையம்பட்டிக்கு வெளியே எனக்கு மண் வேலை கிடைத்தது. போலீஸ் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஒரு பயிற்சி இடம். பங்குனியில் தடை ஓட்டம் வைத்தார்கள். கயிற்றில் ஏற வேண்டும், சுவர் தாண்ட வேண்டும், மண் மூட்டை தூக்கி ஓட வேண்டும், வலைக்குக் கீழே சேற்றில் ஊர வேண்டும். வயது கணக்கில்லை, யார் வேண்டுமானாலும் ஓடலாம். கடைசித் தடை குழாய். ரோட்டுப் பாலத்துக்குப் போடுகிற சிமெண்டுக் குழாய்களை வரிசையாகப் பள்ளத்தில் இறக்கி மேலே மண் போட்டு மூடினோம். ஒரு ஆள் தவழ்ந்து போகிற அகலம்தான். நடுவில் ஒரு திருப்பம். அந்த இடத்தில் முன்னாலும் வெளிச்சம் இருக்காது, பின்னாலும் இருக்காது. பள்ளம் தோண்டியவன் நான்தான்.

வேலை முடிந்ததும் பயிற்சி மாஸ்டர், "அண்ணே, உள்ள பூந்து மண்ணக் கொஞ்சம் கூட்டித் தள்ளிருங்க" என்றார்.

நான் குழாய் வாயில் குனிந்தேன். அதோடு நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணே, பாம்பு கெடக்கா?" என்றான் ஒருவன்.

"அவரு குழி தோண்டுறதோட சரிடா. எறங்குறதுக்கு வேற ஆளு பாக்கணும்" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏலே, ஓட்டத்துக்குப் பேரு எழுதுறது யாரு? செல்லையான்னு எழுது!" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. முழங்காலைக் கேட்கவில்லை.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டது. முத்துமாரி தெருமுனைக்கே வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"அந்தக் குழாய்க்குள்ள போயி வந்துட்டீகன்னா, நம்ம வீட்டுக்குள்ள வர மாட்டீகளா?"

அவள் கேட்டது அவ்வளவுதான்.

"ஆத்தாகிட்ட பூக்கேட்டுப் பாத்துக்கிடுவோம்" என்றேன். பக்தியில் சொல்லவில்லை. தப்பித்துப் போக வழி தேடித்தான் சொன்னேன்.

எங்கள் கோயிலில் பூக்கேட்பது இப்படி. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்போம். பூசாரி இரண்டையும் உருட்டிப் போடுவார், நாம் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு இல்லை.

பங்குனி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். இரண்டிலும் செவ்வரளியைத்தான் வைத்தேன். வெள்ளைப் பூவைக் கருவேலஞ்செடிக்குள் எறிந்துவிட்டேன். எதை எடுத்தாலும் சிவப்பு வரும். ஆத்தாளே வேண்டாம் என்றுவிட்டாள் என்று முத்துமாரியிடம் சொல்லலாம், மாஸ்டரிடமும் சொல்லலாம். பெரிய பாவம் என்று தெரிந்தே செய்தேன். பயந்தவன் சாமியையும் ஏமாற்றப் பார்ப்பான். நான் பார்த்தேன்.

அன்று கூட்டம் இருந்தது. என்னைப்போல இன்னும் நாலைந்து பேர் பூக்கேட்க வந்திருந்தார்கள். எல்லார் பொட்டலமும் காலடியில் இருந்தது. பூசாரி எங்கள் முறை வந்ததும் இரண்டை எடுத்து உருட்டிப் போட்டு, "நீ எடு தாயி" என்று முத்துமாரியைக் கூப்பிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி நூலை அறுத்தார்.

வெள்ளை.

"உத்தரவு குடுத்துட்டா. போயி ஓடுப்பா" என்றார் பூசாரி. முத்துமாரி குலவை போட்டாள். நான் அம்மனைப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. நெற்றியில் இட்ட குங்குமத்தைத் துடைக்காமல் வெளியே வந்தேன்.

ஒன்பதாம் நாள் ஓட்டம். வெயில் ஏறுவதற்கு முன்னால் தொடங்கினார்கள். மற்றத் தடைகள் எனக்குக் கஷ்டமில்லை. மூட்டை தூக்கியே பிழைத்தவன். கயிறும் சுவரும் கிணற்று வேலையில் பழகியவை. சேற்றில் ஊர்ந்தபோது இருபது வயதுப் பையன்களைத் தாண்டினேன். அதே பையன்கள் குழாய் வாயில் என்னைத் தாண்டிப் போனார்கள், ஒருவர் பின் ஒருவராக. நான் மண்டியிட்டபடி இருந்தேன்.

"இந்த முறையும் அளவெடுக்க வந்தீகளா அண்ணே?" என்று ஒரு குரல் கேட்டது.

தலையை உள்ளே விட்டேன்.

திருப்பம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே வெளிச்சம் நின்றது. முழங்கையில் சிமெண்டு உரசியது. மேலே குழாய் இடுக்கிலிருந்து கொஞ்சம் மண் கழுத்தில் விழுந்தது. அவ்வளவுதான், நான் மறுபடி கிணற்றுக்குள் இருந்தேன். பாறை முகத்துக்கு நேராக இருந்தது. என் மூச்சு என்னிடமே திரும்பி வந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

காப்பாற்று என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"ரெண்டும் சிவப்பு ஆத்தா!" என்று கத்தினேன். "ரெண்டும் சிவப்பாத்தான் கட்டுனேன்! நீதான வெள்ளைய எடுத்துக் குடுத்த? நானா கேட்டேன்? நீ போகச் சொன்ன, நான் வந்துட்டேன். இப்ப நீ வாடி உள்ள!"

ஒளியும் வரவில்லை, அசரீரியும் கேட்கவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அவ்வளவு நீளமாகக் கத்தியதற்கு மூச்சு எங்கிருந்து வந்தது? கத்துகிற அளவுக்குக் காற்று இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிணற்றில் கத்த முடியவில்லை. இங்கே முடிகிறது. இது கிணறு இல்லை. ஒரு முழங்கையை முன்னால் வைத்தேன். அவளைத் திட்டிக்கொண்டே அடுத்ததையும் வைத்தேன். வெளிச்சம் தெரியும் வரை திட்டினேன்.

வெளியே வந்து விழுந்தபோது மாஸ்டர் குனிந்து பார்த்தார். "என்ன அண்ணே, செவப்பு செவப்புன்னு சத்தம்? ரத்தம் கித்தம் வருதா?"

எனக்குப் பின்னால் இரண்டே பேர்தான் வந்தார்கள். அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை.

அன்று மதியம் வீட்டுக்குள் போனேன். முத்துமாரி கதவைத் திறந்தே வைத்திருந்தாள். நானே சாத்தினேன். உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வேர்த்தது. எழுந்து ஓடவில்லை. பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ மாத்தி வச்சியா?" என்று கேட்டேன்.

"ஆத்தா மேல ஆணையா நான் தொடல" என்றாள். கோபத்தில் தட்டை வெடுக்கென்று எடுத்து வைத்தாள். பிறகு, "அப்ப வேற ஆருக்கோ உள்ள வெள்ளதான் நமக்கு வந்துருக்கு. ஒங்க சிவப்பு அவுகளுக்குப் போயிருக்குமே. அவுக கையில ரெண்டும் சிவப்பால்ல இருந்திருக்கும்?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. பூசாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். வாங்கிக்கொண்டேன். அன்று வந்தவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டாம், யாரென்று அவருக்கும் தெரியவில்லை. "திருவிழாவுக்கு அச்சடிக்கிற மலர்ல எழுதிப் போடு. அவுக கண்ணுல படட்டும்" என்றார். அதனால்தான் இது.

பொட்டலம் மாறிப்போனதை அற்புதம் என்று எழுதுகிறானே என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எத்தனையோ பொட்டலம் கிடந்த இடத்தில், நான் வேண்டாம் என்று தூக்கி எறிந்த பூ எனக்கே வந்தது. அதற்கு வேறு பேர் உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பேர்தான் தெரியும், அவள் கண்மாய்க்கரையில் இருக்கிறாள். பயத்தோடு போங்கள், கோபத்தோடு போங்கள், சண்டை போடுங்கள். அவள் தாங்குவாள். என்னைப்போல ஏமாற்றப் பார்க்காதீர்கள்.

கடைசியாக, அந்த வெள்ளிக்கிழமை பூக்கேட்டுச் சிவப்பு வந்து திரும்பிப் போனவருக்கு. நீங்கள் எதைக் கேட்டீர்களோ எனக்குத் தெரியாது. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, ஆபரேஷனோ. அந்தச் சிவப்பு ஆத்தாள் கொடுத்தது இல்லை. அது என் பயம். என் கையால் கட்டியது, உங்களிடம் வந்துவிட்டது. மன்னியுங்கள். மறுபடி வந்து கேளுங்கள். தனியாகக் கோயிலுக்கு வரத் தயக்கமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், கூட நான் வருகிறேன். வாசலில் வேப்பமரம் நிற்கும். அதற்கடியில் என்னைத் தேட வேண்டாம். கதவு சாத்தியிருக்கும். தட்டுங்கள், உள்ளேதான் இருப்பேன்.