ரோஸ்லினின் வலது கை

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியை. ஏழாம் வகுப்புக்குத் தினமும் முதல் பாடவேளையில் சொல்வதெழுதுதல் வைப்பேன். ரோஸ்லின் மட்டும் பாதித் தாளை வெறுமையாகத் தருவாள். மதியத்துக்குமேல் அதே பிள்ளை வேகமாக எழுதுவதைப் பார்த்திருந்ததால், காலையில் சோம்பல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் பொறுமையிழந்து, அவள் கையில் பேனாவைத் திணித்து, விரல்களை என் கையால் இறுக்கி மடக்கினேன். அவள் அலறியதில் வகுப்பே எழுந்து நின்றது. அப்போதுதான் அவள் மணிக்கட்டைக் கவனித்தேன். வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது.

ஆள் அனுப்பியதும், மீன் ஏலக்கூடத்தில் வேலை செய்யும் அவள் அம்மா ஓடிவந்தார். என்மேல் கோபப்படவில்லை.

"இவளுக்கு மூட்டுவாதம், டீச்சர். சின்னப் பிள்ளையளுக்கும் வரும்னு டாக்டர் சொல்லுதாரு. காலம்பர வெரலு மடங்காது. வெந்நீருல முக்கி, ஒவ்வொண்ணா நீவிவிட்டுத்தான் அனுப்புதேன். வெயில் ஏற ஏறத்தான் சரியாவும்."

"இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று ரோஸ்லினைக் கேட்டேன்.

"சொன்னேன் டீச்சர். சாக்குச் சொல்லாதன்னுட்டீங்க," என்றாள் தலைநிமிராமல்.

உண்மைதான். நோட்டைத் திருத்தியபடியே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சொல்வதெழுதுதலைக் கடைசிப் பாடவேளைக்கு மாற்றினேன். இப்போது தாள் முழுக்க எழுதுகிறாள். ஆனாலும் அதை வாங்க நான் கை நீட்டும்போதெல்லாம் அவள் வலது கை தன்னால் பின்னுக்குப் போகிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியவள் நான்தான். அது போகும்வரை காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.