காப்பார் ரோட்டில் ஒரு நம்பர்

நானும் என் தம்பியும் எதிலாவது ஒத்துப்போனோம் என்றால் அது ஒருவர்மேல் ஒருவர் கைநீட்டுவதில்தான்.

எண்பதுகளில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில், மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் மெஷினில் எனக்கு வேலை. அங்கே ஒரு டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தலையில் பசை தடவிக் கம்பி ஒட்டுவோம். வந்தவர் சீட்டுக்கட்டில் அடுத்து வரும் சீட்டு என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், மிட்டாய் கிடைக்கும். ஆள் போதவில்லை என்று நானும் உட்கார்ந்தேன், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தம்பியையும் இழுத்து வந்தேன்.

பச்சை விளக்குக்கு வந்த அலைகளையெல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஒரே கோடாக்கித் தந்தது. என் கோடு அசையக்கூட இல்லை. அவனுடையது நிமிர்ந்து நின்றது.

"ரெண்டு பேரை வச்சு ஒன்னும் முடிவு பண்ண முடியாதுலா. ஆனா சில பேருக்குப் பரிசுன்னாலே மூளை கூடுதலா துள்ளும். சுபாவமும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்போல" என்றார் டாக்டர்.

வாரம் தவறாமல் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவனுக்கு இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

"கேட்டியா அண்ணே, என் மேல தப்பே இல்ல. மண்டை அப்படி" என்று வழியெல்லாம் இளித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாதமே ஒரு ஞாயிறு மத்தியானம் காப்பாரிலிருந்து மோட்டார்சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் போன காரை, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போன லோரி அடித்துச் சாக்கடையில் தள்ளியது. ரோடெங்கும் கண்ணாடித் தூள். காருக்குள் ஒருவர் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்கிக் கத்தினார்.

தம்பி குதித்து ஓடினான். ஆளைத் தூக்கத்தான் ஓடுகிறான் என்று நினைத்தேன். அவன் காரின் பின்பக்கம் குனிந்து, சேற்றை உள்ளங்கையால் துடைத்து நம்பர் பிளேட்டைப் படித்தான். நசுங்கிய வண்டியின் நம்பர் லாட்டரியில் கட்டாயம் அடிக்கும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நம்பிக்கை.

ஹெல்மெட்டைக் கழற்றி அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. விழுந்தவனை விலாவில் உதைத்தேன். மறுபடி அடித்தேன், மறுபடியும். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"அண்ணே, என்னை அப்புறம் அடி. உள்ள ஆள் கத்துறாரு, கதவை இழு!"

நான் ஓங்கிய கையை இறக்கவில்லை. மூக்கில் ரத்தம் வழிய அவனே தவழ்ந்து போய்க் கதவைப் பிடித்தான், ஒற்றை ஆளாக இழுத்தான். அதற்குள் கத்தல் நின்றுவிட்டது.

கிள்ளான் ஆஸ்பத்திரியில், கொண்டு வருமுன்பே உயிர் போய்விட்டது என்றார்கள். அந்த நம்பரைத் தம்பி எடுக்கவில்லை. அந்த ஆள் செத்தது தன்னால்தான் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் மூக்கு உடைந்தபோது எனக்கு எவ்வளவு இனித்தது, நிறுத்த எப்படி மனமே வரவில்லை என்பதை மட்டும் நான் அவனிடம் சொன்னதில்லை.