குறுக்கே பேசாத கல்

எங்கள் ஊர் ஆற்றுப் படகுத்துறையில் என் அண்ணிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'இடைவேளை'. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். பாதியில் ஏதாவது ஒரு சொல் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதற்குள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் வாயில் மண் விழ! பெயர் பொருத்தமாக இருந்ததுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம்.

ஆனால் அந்தக் கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் அண்ணன் காட்டிய அன்பைத்தான் பொறுக்க முடியாது. அண்ணிக்குப் பேச்சு திக்கினால் அவனுக்கு மனசு தாங்காது, உடனே பாய்ந்து வந்து வாக்கியத்தை முடித்துவைத்துவிடுவான். ஒருமுறை டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்க, அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு "இங்க... இங்க..." என்பதற்குள், "தலைவலி டாக்டர், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை" என்று முடித்தான். அண்ணி தலைவலி மாத்திரையோடு வீடு திரும்பினார். அண்ணனை 'அவன்' என்றும் அண்ணியை 'அவர்' என்றும் எழுதுகிறேன். வேண்டுமென்றேதான்.

துறையில் அண்ணிக்கு டிக்கெட் கவுண்ட்டரில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, நீட்டுகிற கையில் டிக்கெட்டை வைத்தால் போதும், வாய்க்கு வேலையே கிடையாது. அந்த நாற்காலியில் பல வருடம் ஓடிவிட்டது. இந்த நிலையில்தான் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்த அம்மாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் போனார். துறையில் வேலை செய்கிறவர்களில் விருப்பமுள்ளவர்கள் ஆளுக்கு ஒரு காலை மைக்கில் பேசிக் காட்டலாம், சரியாக வருகிறவருக்கு அந்த இடம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது அண்ணி, "நா... நான்..." என்று ஆரம்பித்தார்.

"தூக்கம் வருதுன்னு சொல்றா," என்றான் அண்ணன்.

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தார். "நானும் மை... மைக்ல பேசப் போறேன்."

அண்ணன் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. "உனக்கு எதுக்கு இந்த வம்பு? நாலு பேர் பார்த்துச் சிரிக்கிறதுக்கா?"

அண்ணி எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு, செருப்புத் தைக்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் சந்து மாதிரி இருந்த ஒரு கல்லுக்கடைக்குப் போனார். கடைக்காரம்மா ஒரு துணிப்பையை அவிழ்த்து, வெள்ளிக் கம்பி சுற்றிய கல் ஒன்றை அண்ணியின் உள்ளங்கையில் வைத்தார். துவைத்துத் துவைத்து வெளுத்த நீலச் சட்டையின் நிறம். உள்ளே தண்ணீர் நிற்பது போலத் தெளிவு.

"அக்வாமரின்மா. கடல்ல போறவங்க அந்தக் காலத்துல பயம் போறதுக்கு இதை முடிஞ்சு வச்சுக்குவாங்களாம். மனசை அமைதியாக்கும்னு சொல்லுவாங்க. தொண்டைக்கு உண்டான கல்லு. உள்ளுக்குள்ள அடைச்சு வச்சதைக் கோபமில்லாம வெளியே சொல்ல வைக்குமாம்."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. "கல்லுக்கே வாய் கிடையாது. அது எப்படி அடுத்தவங்களைப் பேச வைக்கும்?"

"வாய் இல்லாததுதாம்மா அதோட சிறப்பே," என்றார் அந்த அம்மா, சற்றும் அசராமல்.

அப்புறம் பராமரிப்புப் பாடம் தொடங்கியது. கைக்குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதுகூட இவ்வளவு சொல்லமாட்டார்கள். "கொதிக்கிற தண்ணி ஆகாது, வெதுவெதுன்னு இருக்கணும். குழந்தைங்க சோப்பு ஒரு சொட்டு. மெத்துன்னு ஒரு பிரஷ். சோப்பு நிக்காம அலசணும், இல்லைன்னா மங்கித் தெரியும். உப்புத் தண்ணியில ஊறப்போடச் சொல்லுவாங்க, கேட்காதீங்க, வெள்ளி கறுத்துடும். வெயில்ல வைக்காதீங்க, நிறம் போயிடும். தெம்பு ஏறணும்னா நிலா வெளிச்சம் போதும். மத்த நகையோட போட்டு வைக்காதீங்க, கீறல் விழும்."

செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுவது போலக் கல்லுக்கு நிலவில் தெம்பு ஏற்றுவதா என்று கேட்க நினைத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"கழுவும்போது மனசுல இருக்கிறதை வாய்விட்டுச் சொல்லுங்க," என்று முடித்தார் கடைக்காரம்மா. "அவசரமே வேண்டாம். அதுக்கு எங்கேயும் போற வேலை இல்லை."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பத்துப்பாத்திரம் குவிந்து கிடக்கும், கல்லுக்கு மட்டும் வேளாவேளைக்குக் குளியல் நடக்கும். ஒருநாள் குளியலறைக் கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. காதை வைத்தேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் நாத்தனாராகப் பிறந்தவளுக்கு அது பிறப்புரிமை. அண்ணி, "பயணிகள் கவனத்திற்கு" என்று கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திக்காமல் பேசினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திக்கத்தான் செய்தது. ஆனால் திக்கிய இடத்தில் அவர் பதறவில்லை. பிரஷ் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சொல் நிதானமாக வந்தது, அதற்கடுத்த சொல்லும் வந்தது, வாக்கியம் முழுசாகக் கரை சேர்ந்தது.

வெளியே வந்தவரிடம், "ஏன் அண்ணி, கல்லு நிஜமாவே தொண்டையைத் திறக்குதா?" என்று கேட்டேன்.

"அது எ... எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாம இருக்கிறது இந்த வீட்டுல அது ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்றது.

அவருடைய முறை வந்த காலையில் நல்ல பனிமூட்டம். அண்ணி கல், பிரஷ், சின்னக் கிண்ணம் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டார். பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது யார் என்கிறீர்களா? நானேதான். கல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை, அண்ணியிடம் இருந்தது.

அறிவிப்பு அறையில் கிண்ணத்தைப் பார்த்ததும் சூப்பர்வைசர் துள்ளிக் குதித்தார். "மைக் பக்கத்துல தண்ணியா? என்னம்மா இது, வீட்டு வேலையெல்லாம் இங்க தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"கி... கிண்ணம் முக்காலி மேல இருக்கும். கம்பி எதுவும் அந்தப் பக்கம் இல்லை, பார்த்துட்டேன். என் கை சும்மா இருந்தா வாய் சும்மா இருந்துடும் சார்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். முக்காலியைத் தாமே இழுத்துத் தள்ளிப் போட்டார். நான் வெளியே வந்து துறையில் அண்ணன் பக்கத்தில் நின்றேன். அவனும் வேலைக்குப் போகாமல் வந்திருந்தான், பாவம். எட்டு மணிப் படகுக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆறு இருக்கும் இடமே தெரியவில்லை. படகு போகுமா போகாதா என்று எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பயணிகள் கவனத்திற்கு. பனிமூட்டம் காரணமாக, எதிர்க்கரைக்குச் செல்லும் எட்டு மணிப் படகு..."

நின்றுவிட்டது.

படகுக்காரர்களில் ஒருவன், "இடைவேளை!" என்றான். நான் அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் தண்ணீர் சளக்கென்ற சத்தம் லேசாகக் கேட்டது. அண்ணனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ரத்தாயிடுச்சுன்னு சொல்ல வர்றா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "எட்டு மணிப் படகு ரத்து! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

சலசலப்பு எழுந்தது. கொஞ்சம் பேர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடக்கவே தொடங்கினார்கள். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

"...கி... கிளம்பாமல் உங்களுக்காகக் காத்திருக்கிறது," என்றது ஒலிபெருக்கி. அதில் பதற்றமே இல்லை. "பனி விலகியதும் புறப்படும். யாரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். கடைசி ஆள் ஏறும் வரை படகு நிற்கும்."

வாசல்வரை போனவர்கள் திரும்பினார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் நேராக அண்ணனிடம் வந்தார். "யோவ், உன்னை யாருய்யா கேட்டது? அந்தம்மாதான் சொல்லிக்கிட்டு இருக்காங்கல்ல? முடிக்க விடுய்யா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணனைப் பார்த்துத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்போடு சேர்ந்து கண்ணில் தண்ணீரும் வந்தது. பனி விலகியதும், படகு கிளம்புகிற அறிவிப்பையும் அண்ணி வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று, கடைசிச் சொல் வரை சொல்லி முடித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. 'இடைவேளை' என்று கூவியவனே கைதட்டினான்.

வேலை அண்ணிக்குத்தான் கிடைத்தது. இப்போது ஓட்டமும் நடையுமாக வருகிறவர்கள் அவரை வாழ்த்துகிறார்கள். அவர் நிறுத்துகிற இடைவெளியில் ஓடிவந்து படகைப் பிடித்துவிடலாமாம். முக்காலி அறிவிப்பு அறையில் நிரந்தரமாகிவிட்டது. கல் இன்னும் வாங்கிய அன்று இருந்த அதே நீலம், ஒரு கீறல் கிடையாது.

அவர் முதன்முதலாக மைக்கில் பேசிய அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அண்ணி கல்லை அலசி, துணியில் ஒற்றி, பையில் போட்டுச் சுருக்கினார். பிறகு கல்லிடம் அல்லாமல் அண்ணனிடம் திரும்பினார்.

"உங்ககிட்ட ரொம்ப நாளா ஒண்ணு சொ... சொ..."

அண்ணன் வாயைத் திறந்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திறந்த வாயை மூடிக்கொண்டான். அண்ணிக்கு அந்தச் சொல் வர வெகுநேரம் ஆனது. வந்த பிறகு அதன் பின்னால் எத்தனையோ வருடத்துப் பேச்சு வரிசை கட்டி வந்தது. அவ்வளவு நேரமும் என் அண்ணன் அசையாமல், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், கல்லு மாதிரி நின்றார்.