ருவான்வெல்லைத் தோட்டத்தில் எரிய மறுத்த சாணவாயு

2008 பெப்ரவரி 16, சனிக்கிழமை, காலை 5.40. புறக்கோட்டையில் அவிசாவளை பஸ் ஏறினேன். ஆள் ஒன்று, பிளாஸ்டிக் குழாய் ஒன்பது அடி, தீப்பெட்டி இரண்டு. ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு சாணவாயுக் குழி. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை தோட்டத்துத் துரை வருவார். அடுப்பு எரியாவிட்டால் குழியை மண் போட்டு மூடச் சொல்லிவிட்டார். அது போனால், அந்த வாயுவில் சமைத்துவந்த செல்வமணி அக்கா மறுபடியும் விறகுக்கு மலையேற வேண்டும். அவருக்கு ஏற்கெனவே முழங்கால் வீக்கம்.

அவிசாவளைக்கு 62 ரூபாய். யுத்த காலம்; சோதனைச் சாவடியில் குழாய் எதற்கென்று விளக்க இருபது நிமிடம். அங்கிருந்து ருவான்வெல்லைக்கு 24 ரூபாய். கடைவீதியிலிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர். முச்சக்கர வண்டிக்கு 250. ஓட்டியவர் நிசார் நானா.

"சாணியப் பாக்கவா தம்பி கொழும்புல இருந்து வாரீங்க?"

"சாணி இல்ல நானா, அதுல வார கேஸ்."

"அதுக்கு மாட்டுக்குப் பின்னால நின்டாப் போதுமே."

மாடு அதைப் பெரும்பாலும் வாயால் ஏப்பமாகத்தான் விடுகிறது என்று திருத்தினேன். அவர் நம்பவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு யோசனை சொல்ல வந்தபோதே கோளாறு பிடிபட்டிருந்தது. அக்காவின் கணவர் ராமையா அண்ணன், பக்கத்துச் சிறு காணிக்காரருக்கு றப்பர் ஷீட் போட்டுக் கொடுப்பவர். பால் உறைய அசிட் ஊற்றுவார்கள். பால் உறையவைத்த தட்டுக் கழுவிய தண்ணீர், குடிதண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போய்விடக் கூடாதென்று, பொறுப்பாக அதைச் சாணக் குழிக்குத் திருப்பியிருந்தார். மெத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அதுவே விஷம். அசிட் தண்ணீரை நிறுத்தி, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, புதுச் சாணம் போடச் சொன்னேன். ஆரம்பத்தில் வருவது எரியாத கரியமில வாயு. காலையில் வாயுக் குழாயின் டேப்பைத் திறந்து அதை வெளியே விடவும் சொன்னேன்.

9.50க்குப் போய்ச் சேர்ந்தேன். அழுத்தம் பார்க்கக் குழாயை U வடிவில் வளைத்து மாட்டி, தண்ணீர் ஊற்றினேன். இரு பக்கமும் ஒரே மட்டம். பூச்சியம்.

"நான்தான் சொன்னேனே, அது செத்துப் போச்சு" என்றார் அண்ணன்.

"அசிட் ஊத்திக் கொன்னவரு சாவு சொல்ல வந்துட்டாரு" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "நீங்க சொன்ன மாதிரிதாங்க சார், விடிஞ்சதும் டேப்பத் தொறந்துர்றேன். கெட்ட காத்து முழுசாப் போகட்டும்னு மத்தியானம் வரைக்கும் மூடுறதே இல்ல."

எனக்குக் காது சுட்டது. திறக்கச் சொன்ன நான், எதுவரை என்று சொல்லவில்லை. தீக்குச்சி வைத்துச் சோதிக்கவும் சொல்லவில்லை. குழி எப்போதோ தேறியிருந்தால், அந்த நாளிலிருந்து நல்ல மெத்தேன் வானத்துக்குப் போயிருக்கிறது. எரித்திருந்தால் சோறு. எரிக்காமல் விட்டால், அதே எடைக் கரியமில வாயுவைப் போல இருபது மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும்.

"தப்பு என்னோடதுங்க அக்கா" என்று டேப்பை மூடினேன்.

காத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைப் பார்த்தேன். 11 மணிக்கு இரண்டு சென்டிமீட்டர். ஒரு மணிக்கு ஒன்பது. யாரும் தள்ளவில்லை, மோட்டார் இல்லை, சத்தமில்லை; தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. காற்றே ஆகாத உயிர்கள், இருட்டில், நான்கு மாடுகளின் கழிவைத் தின்று அதைத் தூக்கிக்கொண்டிருந்தன. படித்த பாடம்தான். கண்ணால் பார்ப்பது வேறு.

3.10க்குப் பதினெட்டு. அக்கா குச்சியைக் கிழித்து அடுப்பில் வைத்தார்.

"பத்திருச்சா சார்? ஒண்ணும் தெரியலையே."

பகல் வெளிச்சத்தில் அந்த நீலம் கண்ணுக்குப் படவில்லை. கையை மேலே நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தண்ணீர்க் கேத்தலை ஏற்றினார். அது கொதித்துப் பாடத் தொடங்கும்வரை மூவரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கள் மாலை அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். மண் ஏற்றிய டிராக்டர் காலையிலேயே வந்து நின்றதாம். துரை அந்த அடுப்பில் போட்ட பிளேன்டீ குடித்தார், இன்னொரு கோப்பை கேட்டார், டிராக்டரைத் திருப்பி அனுப்பினார்.

இந்தப் பக்கம் போகிறவர்கள் அடையாள அட்டையோடு, எதற்குப் போகிறீர்கள் என்ற கடிதமும் வைத்திருங்கள். கடைசி பஸ் பற்றிக் கடைவீதியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் செய்யப் போவது:

1. டேப்புக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பலகை: எப்போது திறப்பது, எப்போது மூடுவது.
2. அசிட் தண்ணீருக்குத் தனிக் குழி.
3. நிவித்திகலப் பக்கத்தில் நான் இதே பாதி யோசனையைச் சொல்லிவிட்டு வந்த இன்னொரு வீடு இருக்கிறது. நாளைக்கு முதல் பஸ்ஸில் அங்கே போகிறேன்.